சுவிச்சை நூத்த பிறகும் எரிஞ்ச அம்மன் லைற்

உனக்கேன் இப்ப உந்த விடுப்புக் கேள்வி? வந்தனி, இருந்தனி, தேத்தண்ணி குடிச்சனி, எழும்பிப் போகலாம் தானே. அதை விட்டிட்டு, "அம்மன் லைற் தானா எரிஞ்சதாமே, உண்மையோ?" எண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறாய். ஆர் சொன்னது? முனைக் கடையிலையோ? அங்கை இப்ப பாணோடை சேத்து உதையும் விக்கினமோ? சாமி காரியத்தைத் துருவிக் கேக்கக் கூடாது, கண் அவிஞ்சு போகும் எண்டு கொம்மா உனக்குச் சொல்லித் தரேல்லையோ? கறண்ட் காரியத்தையும் துருவக் கூடாது. அதுக்குக் கண் அவியாது, ஆள் அவியும்.

சரி, இரு. நிண்டுகொண்டு கேட்டால் எனக்குக் கழுத்து நோகும். எங்கடை ஒழுங்கைக்கு, இந்தக் குட்டித் தெருவுக்கு, மருமேளாய் வந்திட்டாய், நான் சொல்லாட்டில் வேறை ஆரும் கால் கை வைச்சுச் சொல்லுவினம். என்ரை மனிசன் துறைப் பக்கம் போட்டார். வலை தைக்கிற ஆக்களோடை கதைக்கத் தொடங்கினார் எண்டால் மத்தியானச் சோத்துக்குத்தான் வருவார். அவற்றை சைக்கிள் சத்தம் கேட்டால் நான் கத்தரிக்காய்க் குழம்பைப் பற்றிக் கதைப்பன். நீயும் கத்தரிக்காயைப் பற்றித்தான் கேக்கவேணும். விளங்குதே?

நாங்கள் கன வருசம் வேறை ஊரிலை, வேறை ஆக்களின்ரை காணியிலை கிடந்த சனம். ஆமி பிடிச்சு வைச்சிருந்த எங்கடை காணியை விட்டினம் எண்டு காங்கேசன்துறைப் பக்கம் திரும்பி வந்து பாத்தால், வீடு நிண்ட இடத்திலை கிணறு மட்டும் நிக்குது. அதுவும் கோவிச்சுக்கொண்டு உப்பாப் போச்சு. பிறகு வீட்டுத் திட்டத்திலை சின்ன வீடு ஒண்டு கிடைச்சுது. அதுக்கு முறையாப் படிச்ச ஆக்கள் வந்து வயரிங் செய்தவை. அதிலை ஒரு பிழையும் இல்லை. பிழை பின்னாலை வந்தது. அந்த வீடுகளிலை சாமியறை இல்லை. கடலுக்குப் போற குடும்பம் குசினி இல்லாமலும் சீவிச்சிடும், சாமியறை இல்லாமல் ஏலுமோ? அதாலை எங்கடையோடை சேத்து ஒழுங்கையிலை இருக்கிற ஏழு வீட்டுக்காரரும் பின்பக்கம் ஒவ்வொரு சாமியறை இறக்கிச்சினம். அந்த ஏழு அறைக்கும் வயர் இழுத்தது என்ரை மனிசன்.

அவர் நாப்பது வருசம் கடலுக்குப் போன மனிசன். எஞ்சினைக் கழட்டிப் பூட்டினால் ரெண்டு நட்டு மிஞ்சும், ஆனால் எஞ்சின் ஓடும். நெஞ்சு நோவு வந்த பிறகு டாக்குத்தர், இனிக் கடலுக்குப் போகக் கூடாது எண்டிட்டார். கடலுக்குப் போகாத ஆம்பிளை கரையிலை கவிட்டு வைச்ச வள்ளம் மாதிரி, கோழி அடியிலை முட்டை இடுறதுக்குத்தான் உதவும். விறாந்தையிலை கதிரையைப் போட்டுக்கொண்டு, போறவாற சைக்கிளை எல்லாம் பாத்து, "சங்கிலி தளர்ந்து போச்சுது" எண்டு தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இருப்பார். அப்பிடிக் கிடந்த மனிசன் தான் வயரிங் தொடங்கினவர்.

அவற்றை படிப்பைக் கேள். முந்தி இடம்பெயந்து இருந்த ஊரிலை ஒரு வயரிங்காரரோடை ரெண்டு கிழமை ஏணி தூக்கினவர். அவ்வளவுதான். ரெண்டு கிழமை ஏணி தூக்கினவர் வயரிங்காரர் எண்டால், நாப்பது வருசம் அருச்சனைத் தட்டுத் தூக்கின நான் இப்ப பெரிய குருக்களாய் இருக்கவேணும். எண்டாலும் ஒழுங்கையிலை எல்லாரும் அவரை "எஞ்சினியர்" எண்டுதான் கூப்பிடுவினம். ஆற்றை வீட்டிலை என்ன விசேசம் நடந்தாலும் முதல் தேத்தண்ணி அவற்றை கையிலைதான். கடலை விட்ட நாளிலை குனிஞ்ச தலை, சுவிச் பூட்டத் தொடங்கின பிறகுதான் நிமிந்தது. அது எனக்குத் தெரியும். அதாலை ஏழு அறையிலை ஒண்டிலும் நான் வாய் திறக்கேல்லை.

எனக்கு ரெண்டு தரம் கறண்ட் அடிச்சது, அப்பவும் வெளியிலை வாய் திறக்கேல்லை. சாமியறைப் பல்பைத் தூசு தட்டுவம் எண்டு, சுவிச்சை வடிவா நூத்து அணைச்சுப்போட்டு, ஈரத் துணியோடை கையை வைச்சன். ஆரோ முழங்கையிலை உலக்கையாலை போட்ட மாதிரி ஒரு இடி. அவரிட்டைச் சொன்னன்.

"இஞ்சருங்கோ, சுவிச்சை நூத்தும் அடிக்குது."

"சுவிச் நூந்தால் எப்பிடியப்பா அடிக்கும்? உனக்கு வாதம்."

நானும் வாதம் எண்டு நினைச்சு ரெண்டு கிழமை எண்ணெய் பூசினன். விசரி.

நீ நல்லூர்ப் பக்கம் வளந்தனி, உனக்கு எங்கடை வழக்கம் தெரியாது. வள்ளம் கடலிலை நிக்கும் வரைக்கும் வீட்டிலை அம்மனுக்கு முன்னாலை விளக்கு எரியவேணும். வள்ளம் கரையைத் தொட்ட பிறகுதான் நூக்கலாம். என்ரை மாமி இவருக்காகக் கொளுத்தினவ, பிறகு நான் கொளுத்தினன், இப்ப மூத்தவன் போறான், அவனுக்கும் நான் தான். மற்ற மாதங்களிலை கரைச்சல் இல்லை. மாரி தொடங்கினால் வாடைக்காத்து யன்னலாலை உள்ளை வந்து, பிறந்தநாள் கேக்கிலை மெழுகுதிரி ஊதுற மாதிரி விளக்கை ஊதிப்போட்டுப் போகும். நான் முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு எழும்பிக் கொளுத்துவன். அது பேந்தும் வந்து ஊதும். இப்பிடிக் காத்துக்கும் எனக்கும் சண்டை நடக்கேக்கை, ஒருநாள் பூனை நடுவிலை பூந்து விளக்கைத் தட்டி, கலண்டரிலை மார்கழி மாதம் பாதி எரிஞ்சு போச்சு. அண்டைக்குத்தான் யோசிச்சன், காத்தாலை ஊத ஏலாத ஒரு சின்ன லைற் வைச்சால் என்ன? உளுந்தளவு காணும். ஆனால் வீட்டுக் கறண்டிலை எரியவேணும். பற்றறி எண்டால் மாத்த மறந்து போவன், என்ரை மறதியாலை பிள்ளை கடலிலை நிக்கக் கூடாது.

அவரிட்டைச் சொன்னன். அவருக்கு முகமெல்லாம் வெளிச்சம். பழுதாப் போன, நுளம்பு கொசு அடிக்கிற பற் மட்டை ஒண்டு அலுமாரிக்கு மேலை கிடந்தது. அதின்ரை பிடியை உடைச்சு, உள்ளை இருந்த சின்னச் சிவப்பு எல்ஈடியைக் கழட்டினார். ரெண்டு காலும் உள்ள ஒரு குட்டிச் சாமான், இறால் குஞ்சு மாதிரி. அந்த ரெண்டு காலையும் பிளக் வயரிலை நேரை முறுக்கிப்போட்டு, "பார் இப்ப" எண்டு சுவிச்சைப் போட்டார்.

டப்!

நான் பாத்தன். லைற்றைக் காணேல்லை. ரெண்டு காலும் மட்டும் வயரிலை நிக்குது. ஆள் போயிட்டுது, கால் நிக்குது. மற்றத் துண்டு எங்கை தெறிச்சதெண்டு இண்டைக்கும் தெரியாது. கடவுள் புண்ணியம், கண்ணிலை படேல்லை.

"சீனாச் சாமான்," எண்டார் அவர். அவருக்கு எது பிழைச்சாலும் சீனாதான் குற்றவாளி.

அடுத்த நாள் சுன்னாகச் சந்தைக்கு வெங்காயம் வாங்கப் போனன். சந்தைக்குப் பக்கத்து ஒழுங்கையிலை ரேடியோ, ரீவி திருத்திற கடை ஒண்டு இருக்குது. கண்ணாடியை நெத்தியிலை தூக்கி வைச்சுக்கொண்டு, இல்லாத கண்ணாடியை மேசையிலை தேடுற ஆள் ஒருத்தர் தான் முதலாளி. வயரிங் வேலையும் முறையாப் படிச்சுப் பாஸ் பண்ணின ஆள். நான் அந்த மிச்சக் கால் ரெண்டையும் கடதாசியிலை சுத்திக் கொண்டு போய் மேசையிலை வைச்சன்.

"என்னம்மா இது?"

"பிரேதம். எப்பிடிச் செத்தது எண்டு சொல்லு தம்பி."

அந்த ஆள் சிரிச்சுப்போட்டுச் சொல்லிச்சுது, "அம்மா, இதுக்குத் தேவை மூண்டு வோல்ற்றும் இல்லை. உங்கடை வீட்டிலை வாறது இருநூற்றி முப்பது. சூடை மீன் குஞ்சின்ரை வாய்க்குள்ளை முழுத் திருக்கையைத் திணிச்சால் என்ன செய்யும்?"

பிறகு ஒவ்வொரு சாமானா எடுத்து வைச்சுது. ஒண்டு புளியங்கொட்டை மாதிரி, மண்ணிறத்திலை பளபளப்பா இருந்தது. கப்பாசிட்டராம். "இது தான் மதகு. அங்காலை எவ்வளவு பெரிய வெள்ளம் நிண்டாலும் இது கொஞ்சத்தைத்தான் இஞ்சாலை விடும்." இன்னொண்டு மிளகளவு, கறுப்பு, ஒரு ஓரத்திலை வெள்ளைக் கோடு. "கறண்ட் அலை மாதிரி, வரும், திரும்பிப் போகும். உந்த லைற் வாற அலையை மட்டும் தான் குடிக்கும். திரும்பிற அலை அதின்ரை முதுகை முறிச்சுப்போடும். அதுக்கு இந்த டயோட்டைப் பக்கத்திலை தலைகீழாப் போட்டு விட்டால், திரும்பிற அலை இதாலை போயிடும்." கோடு கோடாச் சாயம் பூசின ரெண்டு சின்னச் சாமான்களும் வைச்சுது. ஒண்டு, பிளக்கைச் செருகிற நேரம் வாற முதல் உதையைத் தாங்கிறதுக்கு. மற்றது புளியங்கொட்டையின்ரை தோளிலை.

"அது என்னத்துக்கு?"

"பிளக்கைக் கழட்டின பிறகும் இந்தக் கொட்டை கொஞ்சக் கறண்டை வாய்க்குள்ளை அடக்கி வைச்சிருக்கும் அம்மா. கை வைச்சால் கடிக்கும். அதை வடிச்சு விடத்தான் இது."

"எங்கடை ஒழுங்கையிலும் அப்பிடிச் சிலபேர் இருக்கினம், சண்டை முடிஞ்சு எழும்பின பிறகும் வாய்க்குள்ளை ஒண்டை வைச்சிருப்பினம்," எண்டன். "அவைக்கும் ஒண்டு தருவியோ?"

எல்லாத்தையும் ஒட்டி, ஒரு பிளாஸ்ரிக் பெட்டிக்குள்ளை போட்டு, லைற்றின்ரை மூக்கு மட்டும் வெளியிலை தெரியிற மாதிரி மூடித் தந்துது. தரேக்கை பெட்டியை விடாமல் பிடிச்சுக்கொண்டு சொல்லிச்சுது, "சின்ன லைற் எண்டு நினைச்சுத் திறந்து போடாதையுங்கோ. உள்ளை எந்த இடத்தைத் தொட்டாலும் மெயினைத் தொட்ட மாதிரித்தான். ஐயாவையும் திறக்க விடாதையுங்கோ." ஐயாவை நேரிலை பாக்காமலே ஆளைப் பிடிச்சிட்டுது பார்.

இவர் அதைச் சாமியறைப் பல்பு வயரிலையே சேத்து, அம்மன் படத்துக்கு மேலை பூட்டினார். நெத்திப் பொட்டு மாதிரி வடிவா எரிஞ்சுது. காத்து வந்து ஊதிப் பாத்திட்டு வெக்கப்பட்டுப் போச்சு. "ஆர் செய்தது?" எண்டு வாற ஆக்கள் கேட்டால், இவர் தொண்டையைச் செருமுவார். செருமல் பொய் இல்லைத்தானே.

பொறு, சைக்கிள்... கத்தரிக்காயை வெட்டின உடனை தண்ணியிலை போடவேணும் பிள்ளை, இல்லாட்டில்... இல்லை, மீன்காரன். சொல்லு, எதிலை விட்டனான்?

மார்கழி கடைசி. விடியத் திருவெம்பாவைச் சங்குச் சத்தமும் மழையும் மாறி மாறி. மூத்தவன்ரை வள்ளம் காலமை வந்திட்டுது, சுகமா வந்து சேந்தான், புட்டும் திண்டிட்டான். நான் போய்ச் சுவிச்சை நூத்தன். யன்னல் சாத்திக் கிடக்குது, அறை இருட்டு. திரும்பி நடக்கப் போனன், என்ரை நிழல் சுவரிலை தெரியிற மாதிரி ஒரு எண்ணம். திரும்பிப் பாத்தால் லைற் எரியுது. முந்தினமாதிரி இல்லை, மங்கலா, பூனைக் கண் மாதிரி. திரும்பவும் சுவிச்சைப் போட்டன், நல்லா எரிஞ்சுது. நூத்தன், மங்கலா எரிஞ்சுது. போட்டன், நூத்தன். அம்மனும் நானும் ஆளை ஆள் பாத்துக்கொண்டு நிண்டம்.

அந்த நேரம் பாத்து அடுத்த வீட்டு மச்சாள் கறிவேப்பிலைக்கு வந்தா. இவருக்குத் தங்கைச்சி முறை. வாசலிலை நிண்டு எட்டிப் பாத்தா.

"என்ன மச்சாள், மூத்தவன் இன்னும் வரேல்லையோ? லைற் எரியுது."

"அவன் வந்து நித்திரையும் ஆயிட்டான். நான் சுவிச்சை நூத்திட்டன்."

"நூத்திட்டியளோ?"

"நூத்திட்டன்."

கறிவேப்பிலை நிலத்திலை. மச்சாள் ரெண்டு கையையும் தலைக்கு மேலை தூக்கி, "தாயே, வள்ளம் எல்லாம் வந்த பிறகும் கண் முழிச்சுக்கொண்டு நிக்கிறியே!" எண்டு கத்தின கத்திலை, மூத்தவன் எழும்பி ஓடி வந்தான், சூனாமி எண்டு.

மத்தியானத்துக்கு முன்னம் ஒழுங்கை முழுக்க எங்கடை வீட்டிலை. கற்பூரம், பூ, வாழைப்பழம். அதிலை எனக்குப் பத்திக்கொண்டு வந்த ஒரு விசயம் சொல்லுறன். மச்சாள் அம்மனுக்கு முன்னாலை ரப்பர் செருப்போடை நிக்கிறா. எனக்கு முதலே அவவிலை ஒரு கண், தன்ரை சாமியறைக்குள்ளையும் செருப்புப் போடுறவ. அதை நான் ஒழுங்கையிலை நாலு பேருக்குச் சொல்லியும் இருக்கிறன். இப்ப என்ரை அம்மனுக்கு முன்னாலையோ?

"செருப்பைக் கழட்டடி!"

"கால் வெடிப்பு மச்சாள். நிலம் குளிருது."

திரும்பிப் பாத்தால் மற்றவளவைக்கும் செருப்பு. ஒருத்திக்குக் கால் வெடிப்பாம், ஒருத்திக்குச் சேற்றுப் புண்ணாம், ஒருத்திக்கு டாக்குத்தர் சொன்னதாம். ஒழுங்கை முழுக்க ஒரே நாளிலை கால் வருத்தம். கலிகாலம் எண்டு நினைச்சு வாயை மூடினன்.

இதுக்குள்ளை என்ரை மனிசன் என்ன செய்தார் தெரியுமோ? குளிச்சு, விபூதி பூசி, சால்வையை இடுப்பிலை கட்டிக்கொண்டு வந்து, தானே கற்பூரம் காட்டினார். "என்ரை வயரிங்கிலை அம்மன் வந்து இருக்கிறா," எண்டார். பகிடிக்குச் சொல்லேல்லை, நம்பித்தான் சொன்னார்.

எனக்கும் கும்பிட விருப்பம் தான். ஆனால் அந்தப் பெட்டிக்குள்ளை என்ன கிடக்குதெண்டு கண்ணாலை பாத்தவள் நான். புளியங்கொட்டைக்குள்ளை அம்மன் வாறதெண்டால், சுன்னாகத்துக் கடையிலை ஒரு சாடி நிறைய அம்மன் இருக்கிறா. பஸ் ஏறினன்.

கடைக்காரத் தம்பி முதல் சிரிச்சுக்கொண்டுதான் கேட்டுது. நான் சொல்லச் சொல்லச் சிரிப்பு நிண்டு போச்சு. நெத்தியிலை கிடந்த கண்ணாடியைக் கீழை இறக்கிச்சுது.

"அம்மா, அந்தச் சுவிச்சை எந்த வயரிலை பூட்டினது?"

"எனக்கென்ன தெரியும்? எந்த வயரிலை பூட்டினால் என்ன, நூருது தானே."

"பெரிய பல்ப் நூரும். ஆனால் மண்ணிற வயரிலை தான் கறண்ட் வாறது, நீலத்தாலை திரும்பிப் போகும். சுவிச் மண்ணிறத்தை வெட்டவேணும். நீலத்தை வெட்டினால், சுவிச்சை நூத்த பிறகும் கறண்ட் வந்து பல்படியிலை காத்துக்கொண்டு நிக்கும். போற வழி மட்டும் தான் அடைபட்டுக் கிடக்குது. இந்த மாரி மழைக்கு நனைஞ்ச ஈரச் சுவராலையும் பக்கத்து வயராலையும் சொட்டுக் கசியும். அந்தக் கசிவு பெரிய பல்புக்குக் காணாது, உந்த உளுந்து லைற்றுக்கு அது விருந்து. அதுதான் எரியுது." பிறகு மெல்லக் கேட்டுது, "உங்களுக்கு எப்பவாவது அடிச்சிருக்கோ?"

நான் என்ரை முழங்கையைப் பாத்தன். ரெண்டு கிழமை பூசின எண்ணெய் எல்லாம் வீண்.

தம்பி ரெஸ்ரர் ஒண்டு தந்துது, கறண்ட் இருந்தால் பிடிக்குள்ளை சிவப்பா எரியிற ஸ்குறூ திருப்பி. அதை வெங்காயப் பைக்குள்ளை போட்டுக்கொண்டு வீட்டை வந்தன். இவர் விறாந்தையிலை இருந்து, அம்மனுக்குச் சின்னக் கோபுரம் ஒண்டு கட்டுறதுக்குக் கடதாசியிலை கீறிக்கொண்டிருக்கிறார்.

"இஞ்சருங்கோ, சாமியறைச் சுவிச் எந்த வயரிலை போட்டனீங்கள்?"

"நீலத்திலை."

"ஏன் நீலம்?"

என்னை ஒருமாதிரிப் பாத்தார், சோறு ஏன் வெள்ளை எண்டு கேட்ட மாதிரி. "நீலம் கடலப்பா. உயிர் ஓடுறது கடலிலை. மண்ணிறம் கரை. கரையிலை என்ன ஓடும், நாய்தான் ஓடும். மறிக்கிறதெண்டால் கடலைத்தானே மறிக்கவேணும்?"

நாப்பது வருசம் கடலிலை நிண்ட மனிசனுக்கு அது சரியான கணக்கு. நானே ஒரு நிமிசம் ஓம் எண்டு நினைச்சிட்டன்.

"ஏழு வீட்டிலும் நீலம் தானோ?"

"பின்னை? நான் அங்கை ஒண்டு இஞ்சை ஒண்டு செய்யிற ஆளே? ஏழும் ஒரே ஒழுங்கு."

ரெஸ்ரரைக் கையிலை குடுத்தன். சுவிச்சை நூத்தன். தம்பி சொன்னதைச் சொன்னன். ஏணியை வைச்சு ஏறிப் பல்பைக் கழட்டி, ரெஸ்ரரை ஹோல்டருக்குள்ளை வைச்சார். ரெஸ்ரர் சிவப்பா எரிஞ்சுது.

"ரெஸ்ரர் பழுது."

"சீனாச் சாமானாக்கும்," எண்டன்.

அதுக்கு அவர் சிரிக்கேல்லை. ரெஸ்ரரை வெளியிலை எடுத்தார், நூந்து போச்சு. திரும்ப ஹோல்டருக்குள்ளை வைச்சார், எரிஞ்சுது. ஏணியிலை அப்பிடியே குந்திக்கொண்டு இருந்தார். அந்த முகத்தை ஒரே ஒரு தரம் தான் முந்திக் கண்டனான், டாக்குத்தர் கடல் வேண்டாம் எண்டு சொன்ன அண்டைக்கு.

நான் பகிடியை விட்டிட்டுச் சொன்னன். "பொங்கலுக்கு நாலு நாள் கிடக்குது. ஏழு வீட்டுப் பொம்பிளையளும் சாமியறை கழுவப் போகினம். வாளியும் ஈரத் துணியுமா, சுவரிலை இருந்து முகடு வரைக்கும். முதல் எல்லாரும் சுவிச்சை நூப்பினம். எஞ்சினியர் பூட்டின சுவிச் எண்டு நம்பித்தான் கையை வைப்பினம்."

"நான் போய்ச் சொல்லுறன்," எண்டு இறங்கினார்.

சேட்டைப் போட்டார். பொத்தானைப் பிழையாப் பூட்டினார். கழட்டித் திரும்பப் பூட்டினார். வாசல் படலை வரைக்கும் போனார். படலையைத் திறந்தார், சாத்தினார். சுறாவுக்குப் பயப்பிடாத மனிசன், புயலுக்குப் பயப்பிடாத மனிசன், ஆறு வீட்டுத் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பயந்துகொண்டு நிண்டார்.

"நீங்கள் வந்து இருங்கோ. நான் சொல்லுறன்."

"என்னத்தைச் சொல்லப் போறாய்?"

"உண்மையைத்தான். அம்மணமா விடேலாது, ஒரு சீலையைச் சுத்திச் சொல்லுறன்."

முதல் வேலையா எங்கடை மெயின் சுவிச்சை நூத்துப்போட்டு, ஒழுங்கையிலை இறங்கினன். ஒவ்வொரு படலையிலும் ஒரே வசனம். "இவர் அம்மனுக்கு நேத்திக்கடன் வைச்சிட்டார். ஏழு வீட்டுச் சாமியறைச் சுவிச்சும் பொங்கலுக்கு முன்னம் மாத்தித் தாறன் எண்டு. மாத்தும் வரைக்கும் ஆரும் அந்த அறையைக் கழுவக் கூடாது, பல்பிலை கை வைக்கக் கூடாது. வைச்சால் நேத்தி பிழைச்சுப் போகும், பிறகு அம்மனுக்கு நீங்கள் தான் பதில் சொல்லவேணும்." எங்கடை சனத்திட்டை, வயர் பிழை எண்டு சொன்னால் ஆயிரம் கேள்வி வரும். நேத்தி எண்டால் ஒரு கேள்வி வராது. காவடி எடுக்கிறவனை ஏனடா முதுகிலை குத்தினனி எண்டு ஆரும் கேக்கிறதோ?

ரெண்டாம் நாள், நான் சொல்லி விட்டபடி, சுன்னாகத்துத் தம்பி மோட்டார் சைக்கிளிலை வந்துது. ஏறி வேலை செய்தது தம்பி, ஏணி பிடிச்சது இவர். தொடங்கின இடத்துக்கே வந்து சேந்தார், ஏணிக்கு. ஆனால் கீழை நிண்டுகொண்டு, "மண்ணிறம்! மண்ணிறத்தை வெட்டும்! நீலத்தை நேரை விடும்!" எண்டு அதிகாரம் பண்ணின பண்ணிலை, பாத்த சனம் எல்லாம் அவர் தான் பெரியவர், மேலை நிண்டது கூலி ஆள் எண்டு நினைச்சுது. தம்பியும் நல்ல பிள்ளை, ஒவ்வொருக்காலும் "ஓம் ஐயா, சரி ஐயா" எண்டு கொண்டு நிண்டுது. எல்லா வீட்டிலும் முதல் தேத்தண்ணி அவருக்குத்தான் வந்தது. குடுத்த ஆக்களின்ரை முகத்தைப் பாக்காமல் அவர் அதை வாங்கினதை நான் மட்டும் தான் கண்டனான் எண்டு நினைச்சன்.

மச்சாள் வீடு கடைசி வீடு. தம்பி வேலையை முடிச்சு, சுவிச்சை நூத்துப்போட்டு ரெஸ்ரரை வைச்சுக் காட்டிச்சுது. எரியேல்லை. மச்சாள் கிட்டப் போய் அந்த ரெஸ்ரரைப் பாத்தா. பிறகு குனிஞ்சு, காலிலை கிடந்த ரப்பர் செருப்பைக் கழட்டி, கொண்டுபோய் முத்தத்திலை போட்டிட்டு, வெறுங்காலோடை உள்ளை வந்தா.

நான் அவவைக் குசினிப் பக்கம் இழுத்தன். "ஏனடி, கால் வெடிப்பு மாறிட்டுதோ?"

"மாறிட்டுது மச்சாள்."

"எப்ப தொடக்கம் இந்த வெடிப்பு?"

அவ இவர் நிண்ட பக்கம் ஒருக்காப் பாத்திட்டு, குரலைப் பதிச்சா. "அறை கட்டின வருசமே எனக்கு அடிச்சது. ரப்பர் செருப்புப் போட்டால் அவ்வளவு அடிக்காது எண்டு முன் வீட்டுக்காரி தான் சொன்னவ. அவவுக்கும் அடிச்சதாம். அண்ணை நெஞ்சு நோவோடை, அந்த வெயிலுக்கை நிண்டு செய்து தந்தவர். எந்த வாயாலை சொல்லுறது?"

"ஏழு வீட்டுக்கும் தெரியுமோ?"

"ஆறு வீட்டுக்கு," எண்டா. "உங்களுக்குத் தெரியாதெண்டுதான் நாங்கள் நினைச்சம்."

வருசக்கணக்கா ஆறு வீட்டுப் பொம்பிளையள், என்ரை மனிசன்ரை தலை குனியக் கூடாதெண்டு, சாமியறைக்குள்ளை செருப்புப் போட்டுப் பாவத்தைத் தேடிக்கொண்டு இருந்திருக்கினம். நான் என்ன செய்தனான்? செருப்புப் போடுறாளவை எண்டு ஒழுங்கை ஒழுங்கையாக் கதை கொண்டு திரிஞ்சனான். அந்தக் கதையையும் பல்லைக் கடிச்சுக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாளவை, கள்ளியள். கெட்டிக்காரி எண்டு என்னை நானே நினைச்சிருந்தனே, அதைக் கொண்டுபோய் எங்கை கொட்டுறது?

பொங்கலண்டு காலமை எல்லாரும் எங்கடை வீட்டை வந்தினம். சாமியறை கழுவி மினுங்குது. மூத்தவன் வீட்டிலை, வள்ளம் கரையிலை, சுவிச் நூத்துக் கிடக்குது. அம்மனுக்கு மேலை லைற் சுத்தமா நூந்து, ஒரு சிவப்பு உளுந்து மாதிரிச் சும்மா இருக்குது. இவர் பொங்கல் பானைக்குப் பக்கத்திலை நிக்கிறார், காது முழுக்க இஞ்சைதான். முன் வீட்டுக்காரி வாசலிலை நிண்டு, ஒண்டும் தெரியாதவ மாதிரி, எல்லாருக்கும் கேக்கக் கேட்டா, "அக்கா, அம்மன் போயிட்டாவோ?"

மற்றவளவை எல்லாம் என்ரை வாயைப் பாத்துக்கொண்டு நிக்கிறாளவை. சிரிப்பை அடக்கின முகங்கள். மச்சாள் முந்தானையைக் கடிச்சுக்கொண்டு நிக்கிறா.

நான் சொன்னன், "போகேல்லையடி. உந்த அறையள் கட்டின நாளிலையிருந்து எங்கள் ஏழு வீட்டையும் பாத்துக்கொண்டு ஒரு கண் மூடாமல் இருந்தவ. எஞ்சினியர் நேத்தியை முடிச்சிட்டார், இனி வள்ளம் வந்தால் அவவும் கொஞ்சம் நித்திரை கொள்ளட்டும். நீங்கள் எல்லாரும் செருப்பை வெளியிலை கழட்டிப்போட்டு உள்ளை வாங்கோ."